குடிகளைக் காப்பது யார்?
இலங்கையின் அனர்த்த முகாமைத்துவம் பற்றி ஒரு விவாதம்

ஓர் அரசின் இயல்பை அறிவதற்கு அதன் அரசியலமைப்பை ஆராய்வது ஒரு வழி. அந்நாட்டு மக்கள் வெள்ளத்திலும் மண்சரிவிலும் அகப்பட்ட நாளில் அரசு எவ்விடத்தில், எவ்வுருவில் நின்றது என வினவுவது பிறிதொரு வழி. முதலாவது வழியில் எமது அறிஞர்கள் நிரம்ப எழுதியுள்ளனர். இரண்டாவதைப் பொறியியலாளருக்கும் நிவாரண அதிகாரிகளுக்கும் உரிய விடயமெனக் கருதி நாம் ஒதுக்கியே வந்துள்ளோம். அவ்வாறு ஒதுக்கியமை தவறானது என்பதும், அனர்த்த முகாமைத்துவம் எனப்படுவது அடிப்படையில் அதிகாரம் எவரிடத்து உள்ளது என்ற அரசியல் வினாவே என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

1. சொற்கள் சொல்லும் வரலாறு

இந்நாட்டில் 'அவசரகாலம்' என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தே தீயணைப்பு வண்டியோ மீட்புப் படகோ எவருடைய நினைவுக்கும் வருவதில்லை. ஊரடங்கும் சோதனைச் சாவடியும் விசாரணையற்ற தடுப்புக்காவலுமே நினைவுக்கு வருகின்றன. இதற்குக் காரணமுண்டு. 1947 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், குடியேற்ற ஆட்சி முடிவுறும் தறுவாயில், தொழிலாளரின் பொது வேலைநிறுத்தத்தை எதிர்கொள்ளும் பொருட்டே பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. பொதுமக்களிடமிருந்து ஆட்சியைப் பாதுகாக்கும் சட்டத்துக்குப் பொதுமக்கள் பாதுகாப்பு எனப் பெயரிட்டமை எமது அரசியல் அகராதியின் விசித்திரங்களுள் ஒன்று. 1958 இலும், 1971 முதல் 1977 வரையும், பின்னர் 1983 முதல் 2011 வரை இடைவெளிகளுடனும் இந்நாடு ஆளப்பட்டது இச்சட்டத்தின் கீழேயாம்.

'சிவில் பாதுகாப்பு' என்ற தொடரின் கதையும் இத்தகையதே. பிற நாடுகளில் இத்தொடர் போர், புயல், தீ, பூமியதிர்ச்சி ஆகியவற்றினின்று குடிமக்களைக் காக்கும் ஆயுதம் தாங்காத அமைப்பைக் குறிக்கும. இலங்கையிலோ சிவில் பாதுகாப்புத் திணைக்களம் என்பது 2006 ஆம் ஆண்டில் ஊர்காவற் படையினின்று உருவாக்கப்பட்டு, பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்கும் ஒரு துணைப்படை. போர் முடிந்தபின் வன்னியிலே அத்திணைக்களம் பண்ணைகளையும் முன்பள்ளிகளையும் நடத்திற்று. குழந்தைக்கு அகரம் கற்பிக்கும் ஆசிரியைக்குச் சம்பளம் பாதுகாப்பு அமைச்சினின்று வருவதை இயல்பெனக் கொள்ளும் ஆட்சியமைப்பிலே, 'சிவில்' என்ற சொல் தன் பொருளை இழந்துவிடுகின்றது.

இது எப்போதும் இவ்வாறிருந்ததில்லை. 1942 ஏப்பிரல் 5 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பையும் நான்கு நாட்களின் பின் திருகோணமலையையும் தாக்கின. அவ்வேளை ஒலிவர் குணதிலக என்ற சிவில் உத்தியோகத்தரின் தலைமையில் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் ஒன்று இயங்கியது. தீயணைத்தல், காயமுற்றோரைப் பராமரித்தல், தஞ்சமடைவதற்கான இடங்களை அமைத்தல் என்பன அதன் பணிகள். பர்மாவின் வீழ்ச்சியால் அரிசி வரவு நின்றபோது உணவுப் பங்கீடும் குணதிலகவின் பொறுப்பிலேயே வந்தது. குடியேற்ற ஆட்சியின் நோக்கம் துறைமுகத்தையும் கடற்படைத் தளத்தையும் காப்பதே என்பதில் ஐயமில்லை. ஆயினும் குடிமக்களின் பாதுகாப்புக்கு அவர்தம் உணவும் ஒரு கூறாகும் என்ற உண்மையை அவ்வாட்சி கூட ஒப்புக்கொள்ள நேர்ந்தது. சுதந்திரத்தின் பின் வந்தோர் அக்கருத்தைக் கைவிட்டு, 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தையே தம் முதுசொமாகப் போற்றினர்.

2. பேரலைக்குப் பிறந்த சட்டம்

1978 நவம்பர் 23 ஆந் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. கிழக்கின் பொருளாதாரம் எழுந்து நிற்பதற்குப் பல்லாண்டுகள் சென்றன. அவ்வழிவின் பின்னராவது நாட்டுக்கு ஓர் அனர்த்தச் சட்டம் வந்திருத்தல் வேண்டும். வரவில்லை. அதற்கு மேலும் இருபத்தாறு ஆண்டுகளும், முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களும் தேவைப்பட்டன.

2004 டிசம்பர் 26 ஆந் திகதி நிகழ்ந்தவற்றை இங்கு விவரிக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நோக்குவோம். சுமாத்திராவுக்கு அப்பால் பூமி அதிர்ந்தபோது இலங்கையில் நேரம் காலை ஏழு மணிக்குச் சற்று முன். அலை கிழக்குக் கரையை அடைந்தது ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பின்னர். கல்முனைப் பகுதி கடலால் மூடப்பட்டதன் பின்னும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், தென்மேற்குக் கரையில் கொழும்பிலிருந்து புறப்பட்ட புகையிரதம் ஓடிக்கொண்டேயிருந்தது. பெரலியவில் அது அலையில் அகப்பட, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை நிலையம் இருக்கவில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அது உண்மை, ஆனால் அரை உண்மை. கல்முனைக்கும் பெரலியவுக்கும் இடையிலே சமுத்திரம் இல்லை. ஒரே நாட்டின் ஒரு கரையில் நிகழ்ந்தது மறுகரையை எட்டுவதற்குத் தேவைப்பட்டது தொலைபேசியும், அதை எடுத்துப் பேசும் கடமையுடைய ஒருவரும், அவர் சொல்லை ஏற்றுப் புகையிரதத்தை நிறுத்தும் அதிகாரமுடைய மற்றொருவருமே. தொலைபேசி இருந்தது. கடமையும் அதிகாரமும் எவரிடமும் இருக்கவில்லை.

பூமியதிர்ச்சியின் மையத்துக்கு மிக அண்மையில் இருந்த இந்தோனேசியாவின் சிமெலு தீவில் எவ்வித கருவியும் இருக்கவில்லை. 1907 ஆம் ஆண்டுப் பேரலையின் நினைவை 'ஸ்மொங்' என்ற ஒரே சொல்லிலே பாட்டியர் பேரர்க்குச் சொல்லி வந்தனர். நிலம் நடுங்கியதும் மக்கள் அச்சொல்லைக் கூவிக்கொண்டு மேட்டுநிலத்துக்கு ஓடினர். பல்லாயிரவர் வாழும் அத்தீவில் இறந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கோரே. கற்றறிந்த மக்களெனப் பெருமை பேசும் நாம் இதனை ஆழ்ந்து சிந்தித்தல் தகும்.

பேரலையின் பின், 2005 மே மாதத்தில், 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறிற்று. அதன் கீழ் அனர்த்த முகாமைத்துவத்துக்கான தேசிய பேரவையும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அமைந்தன. பேரவையின் தலைவர் சனாதிபதி, உபதலைவர் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவரும் அமைச்சர்களும் மாகாண முதலமைச்சர்களும் உறுப்பினர். காகிதத்தில் இது நிறைவான அமைப்பு. நடைமுறையை நோக்குவோம். 2019 ஆம் ஆண்டுக்குள் எல்லா மாகாண சபைகளின் பதவிக்காலமும் முடிவுற்றது. அதன் பின் ஆண்டுகள் பல கடந்தும் தேர்தல் நடைபெறவில்லை. முதலமைச்சர்களே இல்லாத நாட்டில் பேரவையில் அவர்களுக்குரிய ஆசனங்கள் எதற்கு? உள்ளூராட்சி மன்றங்களோ 2023 மார்ச்சிலிருந்து 2025 மே மாதத் தேர்தல் வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் இன்றிக் கிடந்தன. சட்டம் வரைந்த மாளிகையின் மேல்மாடி மட்டுமே கட்டப்பட்டது, கீழ்த்தளம் அமைக்கப்படவேயில்லை.

சட்டம் வந்த அதே ஆண்டில் அரசு மேற்கொண்ட செயல்களும் கவனிக்கத்தக்கன. கரையோரத்தில் வீடு கட்டுதல் ஆகாதெனத் தடை வலயம் விதிக்கப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் அதன் அகலம் நூறு மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் இருநூறு மீற்றர். அலை இனம் பார்த்து அடிக்கவில்லை, அளவுகோல் பார்த்தது. எதிர்ப்பின் பின் அவ்விதி தளர்த்தப்பட்டது உண்மையே. நிவாரணத்தை வடக்குக் கிழக்கில் இணைந்து நிர்வகிப்பதற்கென 2005 யூன் 24 ஆந் திகதி அரசும் புலிகளும் கைச்சாத்திட்ட பொதுக்கட்டமைப்பு உடன்படிக்கையோ, யூலை 15 ஆந் திகதி உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் முடங்கிற்று. பேரழிவின் முன் பிணக்குகள் மறையும் என்பது கவிஞர் கூற்றாயிருக்கலாம். அழிவு நாளன்று மக்கள் அவ்வாறே நடந்துகொண்டனர் என்பதையும் மறத்தல் ஆகாது. அரச வாகனம் வருமுன்னரே அயலூரவர் சோற்றுப் பொதிகளோடு வந்தனர், இனம் எதுவென வினவாமல். பிணக்குகளுக்குத் திரும்பியோர் மேலிடத்திலிருந்தோரே.

3. எச்சரிக்கை எவருக்கு?

2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை, மீரியாபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் வரிசைகளை மூடியது. அம்மலை சரியக்கூடியது என்பது எவரும் அறியாத இரகசியமன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் அம்மக்களை அப்புறப்படுத்துமாறு அறிவித்திருந்தது. விஞ்ஞானம் தன் கடனைச் செய்தது. ஆனால் 'வெளியேறுக' என்ற சொல்லுக்கு 'எங்கே?' என்ற கேள்வி மறுமொழியாக இருந்தது. காணி தோட்டக் கம்பனியிடம். லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தம். நாட்கூலியோ மறுநாட் காலையில் மலைக்குச் சென்றாலன்றிக் கிடையாது. உறுதிக் காணி ஒரு துண்டும் இல்லாதவருக்கு வழங்கப்படும் எச்சரிக்கை, வழங்கியவரின் கோப்பை நிரப்புமேயன்றி உயிரைக் காக்காது.

உள்ளூராட்சி மன்றம் ஏன் தலையிடவில்லை எனக் கேட்கலாம். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை தன் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாயிருந்தது. 2018 ஆம் ஆண்டிலேயே அது திருத்தப்பட்டது. வாக்களிக்கலாம், ஆயின் வடிகான் கேட்கலாகாது என்ற நிலை முப்பது ஆண்டுகள் நீடித்தது. மலைச்சரிவில் நீர் வடியும் வழி அடைபட்டால் மண் கனத்துச் சரியும் என்பது புவியியல் முதலாம் ஆண்டு மாணவன் அறிந்த விடயம். வடிகான் வெட்டுவதற்குச் சட்டம் இடம் தரவில்லை என்பதையும் அப்பாடத்தோடு சேர்த்தே படித்தல் வேண்டும்.

மொழி குறித்தும் கூறவேண்டும். தமிழ் அரசகரும மொழியாகி மூன்றரைத் தசாப்தங்களுக்கு மேலாகின்றது. எனினும் 2025 நவம்பர் இறுதியில் தித்வா சூறாவளி நாட்டைத் தாக்கி, கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்து, நாடு முழுவதிலும் அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தபோது, தமிழில் அறிவித்தல்கள் உரிய வேளையில் வரவில்லை என்ற முறைப்பாடு மீண்டும் எழுந்தது. மிகுந்த ஆபத்துள்ள மலைச்சரிவுகளில் வாழ்வோருள் பெருந்தொகையினர் தமிழ் பேசுவோர். அவர்களுக்கு விளங்காத மொழியிலே ஒலிபரப்பப்படும் எச்சரிக்கை, சட்ட நோக்கில் எச்சரிக்கையாகலாம். வாழ்வு நோக்கில் அது மௌனமே. மொழியுரிமையை வேலைவாய்ப்பு, பெயர்ப்பலகை என்பவற்றோடு நிறுத்திவிட்ட எமது அரசியலும் இதற்கு ஒரு பங்கு பொறுப்பேற்றாக வேண்டும்.

4. மூன்று சமாதானங்கள்

இந்நிலைமைக்கு வழமையாக மூன்று சமாதானங்கள் கூறப்படுகின்றன.

இயற்கையை வெல்ல முடியாது என்பது முதலாவது. மழையை எவரும் தடுக்கச் சொல்லவில்லை. 1970 நவம்பரில் வங்காள விரிகுடாவில் எழுந்த போலாச் சூறாவளி அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் குறைந்தது மூன்று இலட்சம் மக்களை மாய்த்தது. தூரத் தலைநகரிலிருந்த ஆட்சியின் அசட்டை வாக்காளரின் சினத்தைப் பெருக்கிற்று. மறு ஆண்டில் வங்காளதேசம் பிறந்தது. செஞ்சிலுவை இயக்கத்தோடு சேர்ந்து அப்புதிய நாடு சூறாவளி ஆயத்தத் திட்டமொன்றை நிறுவிற்று. 1991 இல் மீண்டும் பெரும்புயல் வந்து ஏறத்தாழ ஒரு இலட்சத்து முப்பத்தெண்ணாயிரம் பேரைக் கொன்றது. அவர்கள் சோர்ந்துவிடவில்லை, புகலிடங்களைப் பெருக்கினர், தொண்டரைப் பெருக்கினர். 2007 இல் சித்தர் என்ற கடும்புயலில் இறந்தோர் மூவாயிரத்துச் சொச்சம். 2020 இல் அம்பான் புயல் வந்தபோது இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் முன்கூட்டியே புகலிடம் சேர்ந்தனர்; அந்நாட்டில் மாண்டோர் சில பத்துப் பேரே. கடல் அதே கடல், புயலும் குறைந்ததன்று. மாறியது மக்கள் அமைப்பு.

நாம் வறிய நாடு என்பது இரண்டாவது சமாதானம். வங்காளதேசம் 1970களில் எம்மிலும் பன்மடங்கு வறியது. அதன் திட்டத்தின் முதுகெலும்பு விலையுயர்ந்த கருவிகளல்ல; சமிக்ஞைக் கொடியும் கையொலிபெருக்கியும் ஏந்தி வீடு வீடாகச் செல்லும் தொண்டர்களே. இன்று அவர்கள் எழுபதினாயிரத்துக்கு மேல். ஏறத்தாழ அரைப்பங்கினர் பெண்கள். 1991 இல் ஆண்களிலும் பெண்கள் கூடுதலாக இறந்தமையை ஆராய்ந்து, பெண்ணின் வாசலுக்குப் பெண்ணே செல்லல் வேண்டுமென உணர்ந்தனர். மாறாக நாம் பேரலையின் பின் கரையோரமெங்கும் எழுபதுக்கு மேற்பட்ட எச்சரிக்கைக் கோபுரங்களை நிறுவினோம். பின்னர் அவற்றுட் பல பராமரிப்பின்றிப் பழுதுபட்டன. கோபுரம் கட்டுவதற்கு உதவிப்பணம் கிடைக்கும், திறப்பு விழாவும் நடத்தலாம். தொண்டரைப் பயிற்றுவதற்குப் பொறுமை வேண்டும். அதற்கு நாடா வெட்டுவதில்லை.

மூன்றாவது சமாதானமே மிக வலியது. ஒழுங்கும் வாகனமும் ஆளணியும் படையிடமே உள்ளன. ஆகவே அனர்த்தத்தைப் படையிடம் விடுவதே விவேகம் என்பர். வெள்ளத்தில் இறங்கிக் குழந்தையைத் தூக்கிவந்த சிப்பாயின் துணிவை மறுப்பது நன்றியின்மையாகும். ஆனால் விவாதம் சிப்பாயின் தோள்வலி பற்றியதன்று. கட்டளையிடுவது யார் என்பது பற்றியது. படை என்பது அழிவின் பின் வந்து சேர்வது. மண்சரிவுக்கு மூன்று நாட்களின் முன் நிலத்தில் வெடிப்புக் கண்ட கிழவியின் சொல்லைக் கேட்பதற்குப் படைப்பிரிவு அங்கு இருப்பதில்லை. இருந்தாலும், மூன்று தசாப்தப் போரைக் கடந்த ஊர்களில் சீருடையைக் கண்டு கதவைத் திறப்பவர் எத்தனை பேர்?

கியூபாவை எடுத்துக்கொள்வோம். 1963 இல் புளோராச் சூறாவளி அங்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன் பின் அவர்கள் சிவில் பாதுகாப்பை மறுசீரமைத்தனர். ஒவ்வொரு நகரிலும் உள்ளூராட்சித் தலைவரே சிவில் பாதுகாப்பின் தலைவர். நடக்கமுடியாதவர் எவர், கர்ப்பிணி எவர் என்ற பட்டியல் அயலவர் குழுவிடம் உள்ளது. ஆண்டுதோறும் நாடளாவிய ஒத்திகை நடைபெறும். 2004 இல் ஐவன் சூறாவளி நெருங்கியபோது பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். ஓர் உயிரும் போகவில்லை. ஒரு கட்சி ஆட்சியின் கட்டுப்பாடே இதற்குக் காரணமென்று சிலர் கூறலாம். அவ்வாட்சி குறித்து ஐயங்கள் எமக்கும் உண்டு. ஆனால் வங்காளதேசத்தில் ஆட்சிகள் பல மாறியும் தொண்டர் அமைப்பு நிலைத்தது. ஆதலின் இரகசியம் அடக்குமுறையில் இல்லை. பொறுப்பு மிகக் கீழான படியில், பெயர் குறித்து, நிரந்தரமாக ஒப்படைக்கப்பட்டிருப்பதிலே உள்ளது.

5. வீட்டிலுள்ள விளக்கு

இத்தகைய அமைப்பைக் கியூபாவிலிருந்து இறக்குமதி செய்யவேண்டிய தேவை எமக்கில்லை. எம்மிடமே அது உண்டு. வேறு பெயரில் உண்டு. 1926 இல் களுத்துறையிலே முதலாவது சுகாதார அலகு நிறுவப்பட்டது. அதனின்று வளர்ந்ததே சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல மருத்துவமாது என்ற வரிசை. மருத்துவமாது தன் பிரிவிலுள்ள ஒவ்வொரு வீட்டையும் அறிவாள். எவ்வீட்டில் எக்குழந்தைக்குத் தடுப்பூசி நாள் எனப் பதிவேடு வைத்திருப்பாள். வறிய நாடாயினும் தாய்மார் மரணத்தையும் சிசு மரணத்தையும் நாம் வியக்கத்தக்க அளவு குறைத்தமை அவளாலேயே. 2004 ஆம் ஆண்டுப் பேரலையின் பின் முகாம்களில் கொள்ளைநோய் பரவாமல் தடுத்ததும் இவ்வரிசையே.

அவ்வாறாயின், 2020 இல் கொவிட் நோய் வந்தபோது நாம் செய்ததென்ன? நோய்த்தடுப்பு தேசிய செயற்பாட்டு நிலையத்தின் தலைமை இராணுவத் தளபதியிடம் சென்றது. தெருத்தெருவாகத் தொடர்பாளரைத் தேடியலைந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களோ தமக்குரிய சட்ட அதிகாரம் வழங்கப்படவில்லையென அவ்வாண்டு யூலையில் கடமையிலிருந்து விலக நேர்ந்தது. கையில் விளக்கிருக்க நெருப்புக்கு அலைதல் என்பது இதுதான்.

ஆகவே எமது கோரிக்கை வெளிப்படையானது. அனர்த்தப் பாதுகாப்பு, படையின் சாயலிலன்றிப் பொதுச் சுகாதாரச் சேவையின் சாயலில் அமைக்கப்படல் வேண்டும். மக்களால் தெரிவான உள்ளூராட்சி மன்றமே அதன் தலைமை; படை அழைக்கப்படும்போது அத்தலைமையின் கீழ்ப் பணிபுரிய வேண்டும். ஆபத்துப் பிரிவு ஒவ்வொன்றிலும் அவ்வூர் மொழி பேசும், பயிற்சி பெற்ற, சம்பளம் பெறும் ஒரு நிரந்தர உத்தியோகத்தர் இருத்தல் வேண்டும். வீட்டுப் பதிவேடும் ஆண்டு ஒத்திகையும் அவர் பொறுப்பு. தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நிமிடத்தில் வழங்கப்படாத எச்சரிக்கை வழங்கப்படாத எச்சரிக்கையாகவே சட்டத்தில் கொள்ளப்படல் வேண்டும். மண்சரிவு அபாயமெனக் குறிக்கப்பட்ட தோட்டக் குடியிருப்புகளுக்கு, மக்கள் சொந்தமாகக் கொள்ளும் மாற்றுக் காணி, அறிவித்தலுடன் சேர்த்தே வழங்கப்படல் வேண்டும். காணியின்றி எச்சரிக்கை இல்லை என்பது விதியாதல் வேண்டும்.

பல்கலைக்கழகத்துக்கும் இதில் கடன் உண்டு. புவியியற்றுறை வரைந்த அபாய வரைபடங்கள் நூலக அலுமாரியில் உள்ளன. அவை வரையப்பட்ட மலையிலுள்ளோர் கையில் இல்லை. தமிழ்த்துறையினராகிய நாம் கலைச்சொல்லாக்கத்தில் எவ்வளவோ உழைத்துள்ளோம். 'தாழமுக்கம்', 'மண்சரிவு அபாய மட்டம்' என்பன பிழையற்ற சொற்கள். ஆனால் கொழுந்து கிள்ளும் தாயொருத்தி நள்ளிரவில் கேட்டவுடன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழத்தக்க ஒரு வாக்கியத்தை நாம் இன்னும் ஆக்கவில்லை. சிமெலுத் தீவின் பாட்டியர் ஒரு சொல்லால் செய்ததை, நூறாண்டை எட்டும் பல்கலைக்கழகக் கல்வி செய்யாதிருப்பது வெட்கத்துக்குரியது.

நிவாரணம் என்ற சொல்லுக்கு மூலப்பொருள் தடுத்தல், விலக்குதல் என்பதாகும். எமது வழக்கிலோ அது அரிசியும் பருப்பும் கொண்ட பொதியாகச் சுருங்கிவிட்டது. பொதியைப் பெறுவதற்கு வரிசையில் நிற்பவன் குடிமகனல்லன், இரவலன். அவ்வரிசையே நிகழாதவாறு தன் ஊரைக் காக்கும் அதிகாரத்தை அவனிடம் ஒப்படைப்பதே சிவில் பாதுகாப்பு. அதனை அரசு தானாக மனமுவந்து தராது. அடுத்த பருவமழைக்கு முன் கேட்டுப் பெறவேண்டியவர் நாமே.